ஓசையும் ஈகையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனில், 1940-களின் இறுதியில், டிராம் வண்டிகளையும் பஸ்களையும் நடத்திவந்த கம்பெனியார், பிரயாணிகளின் அலுப்பைப் போக்கித் தங்களுக்கும் சிறிது வருமானம் தேடிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு, வண்டிகளுக்குள் ஒலிபெருக்கிகளைப் பொருத்தி ரேடியோ நிகழ்ச்சிகளைப் பரப்பத் தொடங்கினார்கள். ஒலித்ததில் பெரும்பகுதி சங்கீதமே. விளம்பரமும் அறிவிப்பும் சொற்பம். பிரயாணிகளிடம் கருத்துக் கேட்டபோது பெரும்பான்மையோர் தங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றே சொல்லிவிட்டார்கள். ஆட்சேபம் இருந்த சிலரோ விடவில்லை; அவர்கள் தொடுத்த வழக்கு நியாயஸ்தலங்களின் படிகளை ஒவ்வொன்றாக ஏறி, 1952-இல் நாட்டின் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. வண்டிக்குள் ரேடியோ வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதமன்று என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டக்ளஸ் என்ற நீதிபதி அதற்கு உடன்படவில்லை. வீட்டு ரேடியோ பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம், உணவு விடுதியில் ஒலிப்பது பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம், டிராமில் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான் என்பது அவருடைய வாதம். ஃபிராங்க்ஃபர்ட்டர் என்ற மற்றொரு நீதிபதியோ வழக்கில் பங்குகொள்ளவே மறுத்துவிட்டார். அந்த ஓசைக்குத் தாமே இரையானவர் என்றும், அதனால் தம் உணர்ச்சி பெரிதும் கிளர்ந்திருப்பதால் தீர்ப்புக் கூறாமல் இருப்பதே நலம் என்றும் காரணம் எழுதி விலகிக்கொண்டார்.

கொலையும் கொள்ளையும் பற்றிய வழக்குகளைக் கேட்டுக் கலங்காத ஒருவரை, மெல்லிய வாத்திய சங்கீதம் கலக்கிவிட்டது என்பதைக் கேட்டு நகைப்பவர்கள் நகைக்கலாம். ஆயினும் மனத்துக்கு இளைப்பாறுதல் தரும் பொருட்டு ஓசையைப் பயன்படுத்துவது எப்படி என்று விஞ்ஞானிகள் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவந்த ஆராய்ச்சிகளைப் புரட்டிப் பார்க்கும்போது, அந்த நீதிபதியின் எரிச்சலில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. ஓசை இனியதா இன்னாததா என்பதைக் காட்டிலும், அது நம் விருப்பத்தின்பேரில் நம்மிடம் வந்ததா என்பதே நம் உடலுக்கு முக்கியமாகப் படுகிறது. இதே நியதி, சற்றும் தொடர்பில்லாததாக நாம் நினைக்கும் மற்றொரு விஷயத்திலும், அதாவது காரியாலயங்களில் நடைபெறும் தர்ம வசூலிலும், செல்லுபடியாகிறது என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

முதலில் செவியைக் கவனிப்போம். வெளியிலிருந்து வரும் காற்றின் அதிர்வு செவிப்பறையைத் தட்டி, மூன்று சிற்றெலும்புகளின் வழியே உட்செவியிலுள்ள காக்ளியா என்ற சுருளை அடைந்து, அங்கே சுமார் 15,000 மயிர்ச் செல்களுள் தனக்கு உரியவற்றை அசைத்து, நரம்புத் துடிப்பாக உருமாறி மூளைக்குச் செல்கிறது. இதுவரை பள்ளிப் புத்தகத்தில் உள்ளதே. ஆனால் அந்தத் துடிப்பு, பொருளை ஆராய்ந்து இன்ன ஓசை என்று தீர்மானிக்கும் மூளையின் மேற்பகுதிக்கு மட்டும் போவதில்லை. அச்சத்தின் காவல் நிலையமாகிய அமிக்டலாவுக்கும் அதற்கென்று ஒரு கிளைப்பாதை உண்டு. கதவு படாரென்று சாத்தப்பட்டால், அது கதவு என்று நாம் அறிந்துகொள்வதற்கு முன்பே தோள்கள் உயர்ந்துவிடுகின்றன, கண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. அமிக்டலா எச்சரிக்கை கொடுத்தவுடன் ஹைப்போதலாமஸ் பரிவு நரம்பு மண்டலத்தை முடுக்குகிறது; சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினையும், சற்றுத் தாமதித்துக் கார்ட்டிசாலையும் இரத்தத்தில் விடுகின்றன; இருதயம் விரைகிறது, மூச்சு மேலெழும்புகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. காட்டில் புலியின் உறுமலைக் கேட்டு ஓடிய மூதாதைக்கு இந்த ஏற்பாடு உயிர் காத்தது. எதிரே புலி இல்லாமல், பக்கத்து மேஜையின் டெலிபோன் மட்டுமே நாள் முழுவதும் அலறிக்கொண்டிருக்கும் குமாஸ்தாவுக்கு அதுவே நோயாகிறது.

இதில் விசேஷம் யாதெனில், ஓசை மிகப் பெரிதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் இருவர், 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், 40 பெண் குமாஸ்தாக்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும், தடுப்புச் சுவர்களில்லாத காரியாலயங்களில் வழக்கமாகக் கேட்கும் மிதமான சந்தடியில் மூன்று மணி நேரம் வேலை செய்ய வைத்தார்கள். தங்களுக்கு மனக்கலக்கம் ஒன்றும் இல்லையென்றே அப்பெண்கள் கூறினார்கள். அவர்களுடைய சிறுநீரைச் சோதித்தபோதோ, அமைதியில் வேலை செய்தவர்களைக் காட்டிலும் அட்ரீனலின் மிகுந்திருந்தது. பின்னர் விடையில்லாத சில புதிர்களைக் கொடுத்தபோது விரைவில் சலிப்படைந்து கைவிட்டார்கள். நாற்காலியில் உடலை அசைத்துச் சரிசெய்துகொள்வதும் குறைந்திருந்தது. மனம் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தது, உடல் பழகவில்லை.

இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே கிளாஸ், சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளநூலார் செய்த பரிசோதனைதான், என் கருத்தில், இத்துறையிலேயே மிக அழகானது. ஒருவர் ஆர்மீனிய மொழியிலும் இருவர் ஸ்பானிஷ் மொழியிலும் பேசும் பேச்சையும், டைப்ரைட்டர், கணக்கிடும் இயந்திரம், பிரதியெடுக்கும் இயந்திரம் ஆகியவற்றின் கடகடப்பையும் ஒன்றாகக் கலந்து, ஒரு நரக ஓசையை அவர்கள் தயாரித்தார்கள். அதை 108 டெசிபல் அளவில், சிலருக்கு ஒழுங்கான இடைவெளியிலும், சிலருக்கு எப்போது வரும் என்று ஊகிக்க முடியாதபடியும் கேட்கச் செய்தார்கள். ஒழுங்கின்றி வந்த ஓசையைக் கேட்டவர்களே, ஓசை ஓய்ந்த பின்பு அச்சுப் பிழை திருத்தக் கொடுத்தால் பிழைகளை விட்டுவிட்டார்கள், புதிர்களை எளிதில் கைவிட்டார்கள். அடுத்து ஒரு மாறுதல் செய்தார்கள். சிலருடைய நாற்காலியருகே ஒரு பொத்தானைப் பொருத்தி, ஓசை சகிக்க முடியாமற்போனால் இதை அழுத்தி நிறுத்திவிடலாம், ஆனால் கூடியவரை அழுத்தாமலிருப்பதையே நாங்கள் விரும்புகிறோம் என்று சொல்லிவைத்தார்கள். அதை அழுத்தாமல், பொத்தானில்லாதவர்கள் கேட்ட அதே ஓசையை அதே அளவில் கேட்டு முடித்தவர்கள், பின்னர் புதிர்களோடு பல மடங்கு அதிகப் பொறுமையுடன் போராடினார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற அறிவொன்றே போதுமானதாயிற்று. வாஷிங்டன் டிராமில் இல்லாதது அந்தப் பொத்தான்.

வேலை செய்யும் இடத்தில் சங்கீதத்தைப் புகுத்திய கதையையும் இங்கே சிறிது சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, தொழிற்சாலைகளில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து சோர்ந்துபோகும் தொழிலாளருக்கு உற்சாகமளிக்க, பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தார் 1940-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் நாள் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு இருமுறை, அரைமணி நேர வீதம், 1967 வரை அது நடந்தது. எந்தப் பாட்டை ஒலிபரப்பலாம் என்பதற்கு அவர்களிடம் கண்டிப்பான விதிகள் இருந்தன. ‘டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்ஸாஸ்’ என்ற பாட்டில் நடுநடுவே கைதட்டல் வரும். அதைக் கேட்கும் தொழிலாளர்கள் கைதட்டுவதற்குப் பதிலாகக் கையிலிருக்கும் ஸ்பானரால் இயந்திரத்தைத் தட்டத் தலைப்பட்டால் என்னாவது என்று அஞ்சி, அந்தப் பாட்டை நிகழ்ச்சியிலிருந்தே விலக்கிவைத்தார்கள். அமெரிக்காவிலோ ஜார்ஜ் ஓவன் ஸ்கொயர் என்ற ராணுவத் தளபதி, கம்பியின் வழியே சங்கீதத்தை அனுப்பும் வியாபாரத்தை 1922-இல் ஆரம்பித்து, கோடாக் என்ற காமிரா கம்பெனியின் பெயரழகில் மயங்கி, 1934-இல் அதற்கு மியூசாக் என்று பெயர் சூட்டினார். அக்கம்பெனி பிற்காலத்தில் கையாண்ட முறை சாமர்த்தியமானது: கால் மணி நேரம் சிறிது சிறிதாக விறுவிறுப்பு ஏறும் சங்கீதம், அதன்பின் கால் மணி நேரம் மௌனம். தொழிலாளியின் சோர்வை அளந்து, அதற்கு எதிராகச் சங்கீதத்தை அளந்து ஊற்றும் இந்த ஏற்பாடு முதலாளிகளுக்குப் பிடித்திருந்தது. கேட்பவர்களின் விருப்பத்தை யாரும் அவ்வளவாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் ஏற்றம் இறைத்தவர்களும் நாற்று நட்டவர்களும் பாடியது வேறு வகை. அங்கே ஓசையை உண்டாக்குபவனும் கேட்பவனும் ஒருவனே. பாட்டின் நடையைத் தீர்மானிப்பது அவனுடைய மூச்சும் கையசைவும். களைத்தால் பாட்டும் தாழும். கூட்டமாகச் சேர்ந்து ஒரே லயத்தில் இயங்குவதற்கும் பிறர்பால் பரிவு கொள்வதற்கும் உள்ள தொடர்பை ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் நான்கு வயதுக் குழந்தைகளிடம் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். சேர்ந்து பாடி ஆடி விளையாடிய குழந்தைகள், அதே விளையாட்டைச் சங்கீதமின்றி விளையாடிய குழந்தைகளைவிட, பின்னர் ஒருவருக்கொருவர் அதிகமாக உதவிக்கொண்டன.

மூச்சைப்பற்றிச் சொன்னேன், ஓசை மனத்தைச் சாந்தப்படுத்துவதன் இரகசியம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது இருதயம் சற்று விரைகிறது; வெளிவிடும்போது வேகஸ் என்ற நீண்ட நரம்பு அதன் கடிவாளத்தை இழுக்க, இருதயம் தணிகிறது. சாதாரணமாக நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை மூச்சு விடும் நாம், நிமிஷத்துக்கு ஆறு என்ற அளவுக்கு அதைத் தாழ்த்தினால், ஒவ்வொரு மூச்சுக்கும் பத்து விநாடி ஆகிறது. இரத்த அழுத்தத்தில் இயல்பாகவே பத்து விநாடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் அலை ஒன்று உண்டு. இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணைந்து, இரத்த அழுத்தத்தைச் சமனப்படுத்தும் அனிச்சைச் செயல் கூர்மையடைகிறது. இத்தாலியரான பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஆரோக்கியமான 23 பேரை, லத்தீன் மொழியில் ஜெபமாலைப் பிரார்த்தனையையும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற பௌத்த மந்திரத்தையும் உச்சரிக்கச் செய்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். ரோமாபுரியின் ஜெபமும் திபெத்தின் மந்திரமும் உச்சரிப்பவரின் மூச்சை நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறுக்குக் கொண்டுவந்து நிறுத்தின. பக்திமான்கள் இதனால் பெருமைப்படலாம். நாஸ்திகர்களும் மூச்சு விடுகிறவர்களே ஆகையால், அவர்களுக்கும் இதில் இழப்பொன்றும் இல்லை. மூக்கினால் ரீங்காரமிட்டால் மூக்கினுள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு அமைதியாக மூச்சு விடும்போது இருப்பதைப்போல் சுமார் பதினைந்து மடங்கு மிகுகிறது என்று 2002-இல் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் கண்டதும் உண்டு; அதனால் மனத்துக்கு என்ன பயன் என்பது வேறு கேள்வி.

அதே பெர்னார்டி 2006-இல் மற்றொன்றைச் செய்தார். சங்கீதம் பயின்றவர்களும் பயிலாதவர்களுமாக 24 பேருக்கு, இந்திய ராகம் உட்பட ஆறு வகைச் சங்கீதத்தைக் கேட்பித்து, நடுவில் எங்கோ ஓரிடத்தில் இரண்டு நிமிஷ மௌனத்தையும் செருகிவைத்தார். துரித நடையிலுள்ள சங்கீதம் மூச்சையும் இருதயத்தையும் விரைவாக்கியது; அது எதிர்பார்த்ததே. யாரும் எதிர்பாராதது என்னவென்றால், இளைப்பாறுதல் மிகுந்திருந்தது அந்த மௌனத்தில். சங்கீதம் தொடங்குமுன் இருந்த நிலைக்கும் கீழாக இருதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் தாழ்ந்தன. வெறும் மௌனம் வேறு, சங்கீதத்துக்குப் பின் வரும் மௌனம் வேறு போலும். கச்சேரியில் ஆலாபனை முடிந்து அடுத்த உருப்படி தொடங்குமுன் உள்ள சில விநாடிகளில், ரசிகர்கள் உடனே பேச்சைத் தொடங்கிவிடாமல் இருந்தால், அதன் அருமையை உணரலாம்.

இயற்கையின் ஓசைகளைப்பற்றியும் நம்பத்தக்க ஆராய்ச்சிகள் சில உள்ளன. ஸ்டாக்ஹோம் சர்வகலாசாலையில் 40 பேருக்குக் கடினமான மனக்கணக்குக் கொடுத்துப் பதற்றமுறச் செய்தபின், ஒருமுறை நீரூற்றின் ஓசையும் பறவைகளின் குரலும், மற்றொருமுறை தெருவின் போக்குவரத்து இரைச்சலும் கேட்கச் செய்தபோது, தோலின் வியர்வையைக் கொண்டு அளந்த பதற்றம் முன்னதில் விரைவில் தணிந்தது. இருதய லயத்திலோ வேற்றுமை காணவில்லை. சூரிச் நகரில் 60 பெண்களைக்கொண்டு செய்த ஆராய்ச்சி இன்னும் விசித்திரமானது. பலர் முன்னிலையில் பேசவேண்டிய சோதனைக்கு முன்பு, சிலர் அல்லெக்ரி என்ற பழைய இத்தாலியரின் தேவாலய இசையையும், சிலர் நீர் சலசலக்கும் ஓசையையும் கேட்டார்கள். சிலர் ஒன்றும் கேட்கவில்லை. சோதனையின்போது கார்ட்டிசால் மிகக் குறைவாக ஏறியது நீரோசை கேட்டவர்களுக்கு. மிக அதிகமாக ஏறியது சங்கீதம் கேட்டவர்களுக்கு. ஆனால் சோதனை முடிந்தபின் நரம்புகள் விரைந்து பழைய நிலைக்குத் திரும்பியதும் அந்தச் சங்கீதம் கேட்டவர்களுக்கே. ஆகவே, இசை மருந்து என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எப்போது, யாருக்கு, எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்கவேண்டியிருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளிகளின் அச்சத்தை இசை தணிக்கிறது என்பதற்கு மட்டும், 26 ஆராய்ச்சிகளையும் அவற்றில் பங்குகொண்ட 2,051 நோயாளிகளையும் சேர்த்து எடைபோட்ட 2013-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஒன்று ஆதாரமாக நிற்கிறது. விநாடிக்கு இத்தனை அதிர்வு கொண்ட சுருதியே பிரபஞ்சத்தின் சுருதி, அதைக் கேட்டால் சகல துன்பமும் நீங்கும் என்று விற்கப்படும் சரக்குகளைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சங்கீத உலகம் 440 அதிர்வை ஆதார சுருதியாக வைத்துக்கொண்டது, 1939-இல் லண்டனில் கூடிய ஒரு மாநாட்டின் சௌகரியமான உடன்படிக்கையே தவிர, பிரபஞ்சத்துக்கு அதில் பங்கில்லை.

இனி ஈகைக்கு வருவோம். 1975-இல் மாத்யூஸ், கேனன் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், தெருவில் ஒருவன் காரிலிருந்து கை நிறையப் புத்தகங்களோடு இறங்கி, அவற்றில் சிலவற்றைக் கீழே நழுவவிடுகிறான். எதிரே நடந்து வருபவர் குனிந்து எடுத்துக் கொடுக்கிறாரா என்று மறைந்திருந்து கணக்கெடுக்கிறார்கள். அவன் கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தபோது, தெரு அமைதியாக இருந்தால் நூற்றுக்கு 80 பேர் உதவினார்கள். பக்கத்துப் புல்வெளியில் புல் வெட்டும் இயந்திரம் ஒன்றைப் பெருஞ் சத்தத்தோடு ஓடவிட்டபோது, அதே தெருவில், அதே மாவுக்கட்டுக்கு, உதவியவர்கள் நூற்றுக்கு 15 பேர். மாவுக்கட்டு இல்லாத நாட்களில் உதவி அமைதியிலும் குறைவு, இரைச்சலில் இன்னும் குறைவு. கவனிக்கவேண்டியது எங்கே வீழ்ச்சி பெரிதாக இருந்தது என்பதே. இரைச்சல் மனிதர்களைக் கொடியவர்களாக்கிவிட்டது என்று சொல்வதைக் காட்டிலும், அவர்கள் கண்ணில் அந்த மாவுக்கட்டுப் படவில்லை என்று சொல்வதே பொருத்தம். உள்ளம் பதற்றமுறும்போது கவனம் குறுகுகிறது. ஜட்கா வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோல, நேர் எதிரே உள்ள பாதை மட்டும் தெரிகிறது, ஓரத்தில் நிற்பவர் மறைந்துபோகிறார்.

அவசரமும் இரைச்சலைப்போலவே வேலை செய்கிறது. பிரின்ஸ்டனில் இறையியல் பயிலும் மாணவர்களை 1973-இல் சோதித்த டார்லியும் பேட்சனும், அவர்களில் சிலரிடம், அடிபட்டுக் கிடந்த வழிப்போக்கனுக்கு உதவிய நல்ல சமாரியனைப்பற்றிப் பிரசங்கம் செய்யவேண்டும் என்று கூறி அடுத்த கட்டிடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவன் தலை தொங்கி, இருமிக்கொண்டு கிடந்தான். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினர். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 பேர். பிரசங்கத்தின் பொருள் நல்ல சமாரியனா வேறொன்றா என்பது குறிப்பிடத்தக்க வேற்றுமையை உண்டாக்கவில்லை. இவையெல்லாம் சிறு பரிசோதனைகள். எண்களைக் கல்லில் எழுதிவைக்க வேண்டியதில்லை. ஆனால் தர்ம சிந்தனை என்று நாம் போற்றுவது குணத்தைப் பொறுத்தது மட்டுமன்று, செவியையும் கடிகாரத்தையும் பொறுத்தது என்பதை இவை காட்டுகின்றன. ஒரு காரியாலயத்தில் நிதி வசூலிக்க வருபவர், மாதக் கடைசியில், கணக்கு முடிக்கும் பரபரப்பில், நாற்புறமும் டெலிபோன் அலறும் நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு உத்தியோகஸ்தர்களின் மனம் கல் என்று நொந்துகொள்வதில் நியாயமில்லை.

சித்தம் அமைதியுற்றால் கை நீளும் என்பது ஒரு பக்கம். கை நீண்டால் சித்தம் அமைதியுறுமா என்பது மறுபக்கம். கனடாவில் டன் என்ற அம்மையாரும் சகாக்களும் 46 பேருக்குக் காலையில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, சிலரைத் தங்களுக்காகவும் சிலரைப் பிறருக்காகவும் மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள்; மாலையில் மகிழ்ச்சி மிகுந்திருந்தவர்கள் பிறருக்காகச் செலவழித்தவர்களே, தொகை எதுவாயினும். 2008-இல் வெளிவந்த அதே கட்டுரையில், பாஸ்டன் நகரத்துக் கம்பெனி ஒன்றில் போனஸ் பெற்ற 16 பேரைப்பற்றிய செய்தியும் உண்டு. சில வாரங்கள் கழித்து அவர்களுடைய மகிழ்ச்சியைத் தீர்மானித்தது போனஸின் அளவன்று, அதில் பிறருக்காகச் செலவழித்த பங்கு. பிற்காலத்தில் பெருந்தொகையினரிடம் திரும்பச் செய்து பார்த்தபோதும், சிறியதாயினும், அந்தப் பயன் நிலைத்தே நின்றது. ஆஸ்திரேலிய வங்கி ஒன்றில், சிப்பந்திகளின் பெயரால் அவர்களே தேர்ந்தெடுக்கும் தர்ம ஸ்தாபனத்துக்கு வழங்கும்படி வங்கியே ஒரு தொகையை அவர்கள் கையில் கொடுத்தபோது, வேலையில் அவர்களுக்கு இருந்த திருப்தியும் உயர்ந்தது என்று 2013-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

வேலை செய்யும் இடத்தில் தர்மம் செய்யும் வழக்கம் பல நாடுகளிலும் வேரூன்றியது. அமெரிக்க மத்திய அரசாங்கத்து ஊழியர்களிடம் ஆங்காங்கே தனித்தனியாக நடந்துவந்த வசூல்களை ஒழுங்குபடுத்த ஜனாதிபதி கென்னடி 1961-இல் ஆணை பிறப்பித்தார். பிரிட்டனில் 1987 முதல் சம்பளத்திலிருந்தே, வருமான வரி கணக்கிடுமுன், தர்மத்துக்குப் பிடித்தம் செய்துகொள்ளலாம். நம் நாட்டில் 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாள் வசூல் நடக்கிறது. புயலோ வெள்ளமோ வந்தால் ஊழியர் சங்கங்கள் ஒரு நாள் ஊதியத்தை நிவாரணத்துக்கு அளிப்பதும் வழக்கம். சம்பளப் பட்டியலிலேயே பிடித்தம் செய்வதில் உள்ள சௌகரியம் பெரிது. மாதாமாதம் மனம் தீர்மானிக்க வேண்டிய சங்கடம் இல்லை. இடர் எங்கேயென்றால், மேலதிகாரி கையெழுத்திட்ட சுற்றறிக்கை மேஜைக்கு வந்து, விருப்பமில்லாதவர் மட்டும் எழுதிக் கொடுக்கவும் என்று சொல்லும்போதுதான். எழுதிக் கொடுக்கும் தைரியம் எத்தனை பேருக்கு உண்டு?

ஓரிகான் சர்வகலாசாலையில் 19 பெண்களின் மூளையைக் காந்தக் கருவியால் நோக்கியவர்கள், 2007-இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் 100 டாலர் கொடுத்து, அதிலிருந்து ஏழைகளுக்கு உணவளிக்கும் ஸ்தாபனத்துக்குச் சில சமயம் வரிபோல் கட்டாயமாக எடுத்தும், சில சமயம் அவர்கள் விருப்பத்துக்கு விட்டும் பார்த்தார்கள். கட்டாயமாக எடுத்தபோதுகூட மூளையில் இன்பத்தை உணரும் பகுதி சற்று ஒளிர்ந்தது. இதை வருமான வரி அதிகாரிகள் சுவரில் மாட்டிவைத்துக்கொள்ளலாம். விருப்பத்தோடு கொடுத்தபோது அது மேலும் ஒளிர்ந்தது. 2010-இல் வைன்ஸ்டீன், ரையன் என்ற இருவர் செய்த பரிசோதனைகளில், எவ்வளவு கொடுப்பது என்பதைத் தாமே தீர்மானித்தவர்களுக்கு, கொடுத்த தொகை ஏற ஏற மனநிறைவும் ஏறியது. அதே தொகையைக் கொடுக்கும்படி பணிக்கப்பட்டவர்களிடம் அந்தத் தொடர்பே காணவில்லை. பெற்றுக்கொண்டவர்களும், விரும்பிக் கொடுக்கப்பட்டதைப் பெற்றபோதே அதிக நிறைவு அடைந்தார்கள். கிளாஸும் சிங்கரும் நாற்காலியருகே பொருத்திய பொத்தானை, இங்கே நன்கொடைப் படிவத்தின் மூலையில் ‘இப்போது இயலாது’ என்று ஒரு கட்டமாக அச்சடித்துவிடலாம். அதில் குறியிடுபவர் சிலராகவே இருக்கக்கூடும். குறியிடாத மற்றவர்களுக்கே அதனால் பயன்.

விருப்பம் மட்டும் இருந்தால் போதுமா என்றால், இன்னொன்றும் வேண்டும். அக்னின் என்ற அம்மையாரும் சகாக்களும் இரண்டு நிதிகளை ஒப்பிட்டார்கள்: ஒன்று குழந்தைகள் நலனுக்காகப் பலவகைப் பணிகள் செய்யும் யூனிசெஃப், மற்றொன்று ஆப்பிரிக்காவில் மலேரியாவைத் தடுக்கக் கொசுவலை வழங்கும் ஒரு சிறு இயக்கம், 10 டாலருக்கு ஒரு வலை. இரண்டும் நல்ல காரியங்களே. ஆயினும் கொடை மிகுந்தால் மகிழ்ச்சியும் மிகுந்தது கொசுவலைக்குக் கொடுத்தவர்களிடம் மட்டுமே. தங்கள் பணம் இன்ன பொருளாயிற்று என்று அவர்களால் மனக்கண்ணில் காண முடிந்தது. சம்பளச் சீட்டில் ஏதோ ஒரு நிதியின் பெயரை மூன்றெழுத்தாகச் சுருக்கி, அதற்கெதிரே ஒரு தொகையை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும் காரியாலயம், தன் ஊழியர்களுக்குச் சேரவேண்டிய அந்த மகிழ்ச்சியைத் தானே தடுத்துவைத்திருக்கிறது. சென்ற ஆண்டில் பிடித்த தொகையில் எந்த ஊருக்கு எத்தனை வலைகளோ, எத்தனை சிறுவர்களுக்குப் புத்தகங்களோ சென்றன என்று ஒரு தாள் எழுதி, வேலை நேரம் முடிந்து, இயந்திரங்களும் டெலிபோன்களும் ஓய்ந்த ஒரு மாலையில் அவரவர் மேஜையில் வைப்பதற்குச் செலவு அதிகமாகாது.